கால், கால், அரை

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை ராத்திரி என்றால் ஒரு பதற்றம் உண்டு. 11:59-க்குள் என்பிடெல் அசைன்மெண்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வாட்ஸப் குழுக்கள் விழித்துக்கொள்ளும். "வாரம் 5 ஆன்சர் இருக்கா மச்சி?" என்று ஒருவன் கேட்பான். பதினொன்றரைக்கு யாரோ ஒரு புண்ணியவான் பத்து எழுத்துகளை வரிசையாகப் போடுவான். ஏ, சி, சி, டி, பி... ஐம்பது பேர் அதை அப்படியே பார்த்துத் தட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள். வியாழக்கிழமை காலையில் கேள்வி என்னவென்றுகூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. உலகத்தின் மிக நல்ல பாடங்களில் சில இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. திருவிடைமருதூரில் மொட்டை மாடியில் சிக்னல் தேடி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் ஐஐடி பேராசிரியரின் வகுப்பு கிடைக்கிறது. இருந்தும் அந்த வகுப்பு அவளுடையதாக ஆவதற்கு எது குறைகிறது என்பதுதான் கொஞ்ச காலமாக என்னைக் குடையும் கேள்வி. அந்தப் பெண் என் சித்தப்பா மகள். சித்தப்பாவுக்கு ஆறு மா நிலம். காவிரியில் தண்ணீர் வந்தால் குறுவை, இல்லையென்றால் சம்பா மட்டும். அவள் கல்லூரி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த பஸ்ஸுக்குப் பிறகு வருகிறேன்.

*

மூக் என்கிறார்கள். பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் படிப்பு என்று நீட்டிச் சொல்லலாம். என் அத்தையிடம் சொன்னபோது, "மூக்கா? மூக்குக்கு என்ன படிப்பு?" என்று கேட்டார். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2008-ல் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய ஒரு பாடத்தை ஒட்டிப் பிறந்த பெயர் இது. அது பிரபலமானது 2011-ல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அந்த வருஷம் செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங் முதலிய பாடங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவிட்டது. இந்த இரண்டு பாடங்களிலும் தலா ஒரு லட்சத்துக்கு மேல் பேர் பதிவு செய்தார்கள். அடுத்த வருஷமே கோர்செரா, உடாசிட்டி, எடெக்ஸ் எல்லாம் வந்துவிட்டன. நியூயார்க் டைம்ஸ் 2012-ஐ மூக்கின் ஆண்டு என்று எழுதியது. பல்கலைக்கழகங்களே இனி தேவைப்படாது என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

நம்மூரில் இதற்கு முன்பே ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கியதுதான் என்பிடெல். நான் கல்லூரியில் படித்தபோது அது எங்களுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். அதிலிருந்து வீடியோக்களை நூலகத்துக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைத்திருந்தார்கள். கரும்பலகை, சாக்பீஸ், கேமராவைப் பார்க்கக் கூச்சப்படும் பேராசிரியர். பரீட்சைக்கு முதல் நாள் நாலைந்து பேர் ஒரே ஸ்கிரீனைச் சுற்றி நின்று பார்ப்போம். 2014-லிருந்து அதையே வாராவாரம் பாடம், அசைன்மெண்ட், கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு, சான்றிதழ் என்று ஆக்கினார்கள். 2017 ஜூலையில் ஸ்வயம் தளம் வந்தது. இந்தப் பாடங்களுக்குக் கல்லூரிகள் கிரெடிட் தரலாம் என்று யுஜிசி விதி செய்தது. பாடம் கேட்பது இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் என்று பல வருஷம் இருந்தது.

கிரெடிட் வந்தது நல்ல விஷயம். கூடவே கட்டாயமும் வந்தது. ஆசைப்பட்டவன் தேடிப்போய்ப் படித்த ஒன்று, எல்லோரும் முடித்தே ஆக வேண்டியதாக மாறியது. புதன்கிழமை ராத்திரி அப்படிப் பிறந்ததுதான்.

*

2011-ல் நான் வேலைக்கான ஜாயினிங் லெட்டருக்காகக் காத்துக்கொண்டு திருவிடைமருதூரில் வீட்டோடு இருந்தேன். "எப்ப கூப்பிடுவாங்க?" என்று கேட்பதற்குத் தெருவில் ஆள் குறையாத காலம். அக்டோபரில் ஆண்ட்ரூ இங்கின் மெஷின் லேர்னிங் பாடம் தொடங்கியது. ஒவ்வொரு வீடியோவும் பத்து நிமிஷ அளவுதான். நிரல்களை ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் எழுத வேண்டும்.

பத்து நிமிஷ வீடியோ பார்ப்பது அன்று சின்ன வேலையில்லை. பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒரு பிளான் இருந்தது. டவுன்லோடு எல்லாம் அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான். மின்வெட்டு வேறு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. 2012-ல் அது பாதி நாளைத் தின்ற கதை டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். மேல வீதியில் ஒரு நண்பன் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது. ஆகவே பென் டிரைவில் வீடியோவை எடுத்துக்கொண்டு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போவேன். அவன் படித்தது பி.காம். கணக்கு அவனுக்கு வரும். கம்ப்யூட்டர் நிரல் பக்கம் போனதே இல்லை. "சும்மா நானும் சேந்துக்கிறேண்டா" என்று அவனும் பதிவு செய்தான்.

ஒரு வீடியோ முடிந்ததும், "இப்ப அந்த ஆளு என்னடா சொன்னாரு?" என்பான். நான் சொல்லிப் பார்ப்பேன். பாதியில் தடுமாறுவேன். திரும்ப ஓடவிடுவோம். கிரேடியன்ட் டிசென்ட் என்ற முறையை அவனுக்கு விளக்க நான் எடுத்துக்கொண்டது கும்பகோணம் மகாமகக் குளம். கண்ணைக் கட்டிக்கொண்டு படியில் நிற்கிறாய், எந்தப் பக்கம் காலை வைத்தால் இறங்குகிறதோ அந்தப் பக்கம் ஒரு அடி, பிறகு மறுபடி தடவிப் பார்த்து இன்னொரு அடி, கடைசியில் தண்ணீருக்குப் போய்ச் சேர்வாய். "அப்ப ரொம்பப் பெரிய அடியா வச்சா?" என்று கேட்டான். தாண்டிக் குதித்து எதிர்ப்படியில் ஏறிவிடுவாய் என்றேன். அடுத்த வீடியோவில் ஆண்ட்ரூ இங் அதையேதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவன் அம்மா உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

டிசம்பரில் பாடம் முடிந்தது. எனக்குச் சான்று வந்தது. நண்பன் ஒரு அசைன்மெண்ட்கூடப் போடவில்லை. இன்று அவன் அப்பாவின் அரிசிக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். பாடத்தை நடத்தியவர்களின் கணக்கில் அவன் பாதியில் விட்டவன். நான் முடித்தவன். அந்த இரண்டரை மாசம் எதிரில் உட்கார்ந்து "என்னடா சொன்னாரு?" என்று கேட்க அவன் இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தோடு என் படிப்பும் நின்றிருக்கும். அந்தக் கணக்கு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

*

முடித்தவர், முடிக்காதவர் என்ற இந்தக் கணக்குதான் மூக் பற்றிய எல்லா விவாதங்களிலும் முதலில் வந்து நிற்கும். எம்ஐடி 2012-ல் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஏறக்குறைய 1,55,000 பேர் சேர்ந்தார்கள். சான்று பெற்றவர்கள் 7,157. எடெக்ஸில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய பாடங்களின் பல வருஷத் தரவுகளை வைத்து 2019-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அதன்படி 2017-18-ல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஏழைக்கும் ஹார்வர்டு என்று தொடங்கிய பேச்சு அங்கே வந்து நின்றது.

இந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் எதை எண்ணுகின்றன என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர் மகாலிங்கசுவாமி கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனவர் அதே வாசல் வழியாகத் திரும்பி வரக் கூடாது. வரகுண பாண்டியனைப் பிடித்திருந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே காத்து நிற்கிறது, அவன் வேறு வாசல் வழியாகப் போய்த் தப்பித்தான் என்று கதை. இப்போது கிழக்கு வாசலில் ஒருவரை நிறுத்தி, போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று எண்ணச் சொன்னால் என்ன கிடைக்கும்? உள்ளே போனவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காணாமல் போய்விட்டார்கள் என்று எழுதித் தருவார். சான்றிதழ் என்பது ஒரே ஒரு வாசல். வேண்டியதைப் பார்த்துவிட்டு வேறு வாசலால் போனவர்களும் அந்தத் தொண்ணூற்றேழில் இருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் வேறு வாசலால் போனவர்கள் என்றும் சொல்ல முடியாது. நிறையப் பேர் உள்ளே போகவே இல்லை. போனவர்களிலும் பலர் இரண்டாம் பிரகாரத்தில் வழி தெரியாமல் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு எது குறைந்தது?

*

இதற்கு எனக்குப் பதில் சொன்னவர் அந்த மூக்கு அத்தைதான். கல்யாணத்துக்குப் பிறகு, பால்வாடியில் வேலை பார்த்துக்கொண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. தமிழ் முடித்தவர். அஞ்சல் வழிக் கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1971-லும் அண்ணாமலையில் 1979-லும் வந்துவிட்டது. தபாலில் பாடப்புத்தகம் வரும். விடுமுறையில் நேர்முக வகுப்பு. மற்ற நாளெல்லாம் நீயும் புத்தகமும்தான். கேட்டால் மூக்குக்குப் பெரியம்மா மாதிரி இருக்கிறது.

அத்தையோடு வேலை பார்த்த இன்னொரு அக்காவும் அதே படிப்பில் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்பாராம். "அவ இல்லாட்டி நான் அந்தப் பொஸ்தகத்தப் பழைய பேப்பருக்குப் போட்டிருப்பேன்" என்றார் அத்தை. பிறகு, "இது நன்னூல்லயே இருக்கேப்பா" என்றார்.

இருக்கிறது. பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் ஒரு பங்கு பிரிக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரையும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. அத்தை இதை விரல் விட்டுச் சொன்னார்: "வாத்தியார்ட்ட கால், கூடப் படிக்கிறவகிட்ட கால், சொல்லிக் குடுக்கறதுல அரை. அவ்ளோதான்."

எங்கள் பக்கத்தில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்கு ஓர் உலா பாடிய பிள்ளையவர்கள்தான். அடுத்த சில வருஷம் மாயூரமும் திருவாவடுதுறை மடமுமாகப் பாடம் நடந்தது. ஆசிரியரோடு உடன் படித்தவர்களும் இருந்தார்கள். 1876-ல் பிள்ளை மறைந்த பிறகு சாமிநாதையரே மடத்தில் மற்றவர்களுக்குப் பாடம் சொன்னார். 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். காலும் காலும் அரையும் ஒருவருக்கு ஒழுங்காக அமைந்த கதை அது. அந்த மடத்து வாசலுக்குள் எல்லோராலும் போயிருக்க முடியாது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

மூக் செய்த பெரிய காரியம், முதல் கால் பங்கின் வாசலை அகலத் திறந்துவிட்டதுதான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் பாடம் சொல்கிற ஆசிரியர் இதற்கு முன் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது கால் பங்கு. மீதி முக்காலைத் தளம் தராது. ஊரில்தான் உண்டாக்க வேண்டும்.

*

இனி பஸ்.

தங்கச்சியின் கல்லூரியில் அந்தப் பருவத்துக்கு ஒரு பாடம் கட்டாயம். அதற்கு மேல், ஐஐடி காரக்பூர் நடத்தும் எட்டு வார டேட்டாபேஸ் பாடத்தையும் எடு என்று நான்தான் சொன்னேன். எந்த வேலைக்குப் போனாலும் அதில் கேள்வி வரும். ஒரே பஸ்ஸில் வரும் நாலு பெண்கள் சேர்ந்தே பதிவு செய்தார்கள். முதல் வாரம் நாலு பேருக்கும் இங்கிலீஷ்தான் மலை. முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, கீழே சப்டைட்டிலைப் படித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாம் வாரம் விடைகள் வரும் குழுவில் சேர அழைப்பு வந்தது. கட்டாயப் பாடத்துக்கு அந்தக் குழு. இதற்கு வேண்டாம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு முடிவு. காலை பஸ்ஸில் ஒருத்தி பாடத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். வாரம் ஒருத்தி முறை.

நாலாவது பெண்ணின் அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அந்தப் பெண் தன் முறை வந்தபோது சொன்னதைத் தங்கச்சி எனக்குப் போனில் அப்படியே ஒப்பித்தாள்:

"நம்ம வீட்டு மொய் நோட்ட நெனச்சுக்கங்கடி. அக்கா கல்யாணத்து நோட்டுல 'ரைஸ்மில்காரர், ஆடுதுறை'ன்னு எழுதியிருக்கும். காதுகுத்து நோட்டுல அவரு பேரு மட்டும் இருக்கும். வீடு குடிபோனப்ப 'பஸ் டிரைவர் சம்பந்தி'ன்னு இருக்கும். மூணும் ஒரே ஆளு. அவரு வீட்டு விசேஷத்துக்கு எவ்ளோ திருப்பிச் செய்யணும்னு எப்படிக் கூட்டுவ? அதுக்குத்தான் ஆளுக்கு ஒரு நம்பர். அதான் பிரைமரி கீ. நமக்கு வந்தது ஒரு நோட்டு, நாம செஞ்சது ஒரு நோட்டு. அந்த நம்பர வச்சு ரெண்டையும் சேத்தா அதான் ஜாயின். நமக்குச் செஞ்சிட்டாங்க, நாம இன்னும் செய்யல, அவங்க பேரும் விட்டுப்போகாம வரணும்னா அது லெஃப்ட் ஜாயின். விட்டுப்போச்சுன்னா சண்டைதான்."

பத்து வருஷத்துக்கு மேல் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன் நான். லெஃப்ட் ஜாயினை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்டோபரில் தேர்வு. தஞ்சாவூரில் மையம். மூன்று பேர் காலை பாசஞ்சரில் போனார்கள், சித்தப்பா துணைக்கு. நாலாவது பெண் போகவில்லை. கட்டாயப் பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டியாகிவிட்டது. இரண்டாவது 1000 அந்த மாசம் அவர்கள் வீட்டில் இல்லை. நான் கட்டுகிறேன் என்று தங்கச்சி மூலம் சொல்லிப் பார்த்தேன். "படிச்சாச்சுல்லண்ணா, போதும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் வற்புறுத்துவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். எட்டு வார அசைன்மெண்டும் அவள் தானே போட்டவள். நாலு பேரில் பாடத்தை அதிகம் உள்வாங்கியவளும் அவள்தான். கணக்கில் அவள் முடிக்காதவள்.

பிறகு ஒரு நாள் அவளே போனில் கேட்டாள். "அண்ணா, சர்டிபிகேட் இல்லாம இத ரெஸ்யூம்ல எப்படி எழுதறது? எழுதினா நம்புவாங்களா?"

ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நானும் உட்காருகிறவன். உள்ளதைச் சொன்னேன். நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது முதல் சல்லடையில் சான்றிதழைப் பார்க்கிற இடங்கள் உண்டு. அங்கே உனக்கு நஷ்டம்தான். சல்லடையைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்டால் யாரும் சான்றிதழைப் பார்ப்பதில்லை. "ஜாயின் என்றால் என்ன, சொல்லு" என்பார்கள். ஏ, சி, சி, டி என்று தட்டியவன் அங்கே நின்றுவிடுவான். நீ மொய் நோட்டைச் சொல்லு. ஆனால் அறை வரைக்கும் வருவதுதான் கஷ்டம். அதற்கு உன் படிப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்து வை என்றேன்.

அவள் தன் வீட்டு மொய் நோட்டுகளையே எடுத்துக்கொண்டாள். நீர் பட்டு எழுத்து கலைந்த பழைய நோட்டுகள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது யார், அது யார் என்று கேட்டுக் கேட்டு ஆளுக்கு ஒரு எண் கொடுத்து ஏற்றினாள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று இப்போது ஒரு வரி எழுதினால் வந்துவிடுகிறது. ரெஸ்யூமில் புராஜெக்ட் என்ற தலைப்பில் அது மட்டும்தான் இருக்கிறது. அவள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. வேலை கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அவள் அம்மாவுக்கு டேட்டாபேஸ் என்றால் என்னவென்று தெரியும். அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

இப்போது அந்தக் கூட்டம் பஸ்ஸிலிருந்து அத்தை வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. நான் ஊரில் இருந்தால் போவேன், இல்லாவிட்டால் வீடியோ காலில் எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் என் தேவை இருப்பதில்லை. அத்தை ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே, "இந்த வாரம் என்ன பாடம், எனக்குச் சொல்லு பாப்போம்" என்று யாராவது ஒருத்தியைப் பிடிப்பார். அத்தைக்குப் புரிகிற வரை விட மாட்டார்.

ஜனவரியில் தொடங்கும் பாடத்துக்கு ஆறு பேர் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு பேர் தேர்வு எழுதப் போவதில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பாடம் சொல்லும் முறைப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது.